இரண்டாம் கொட்டகை

வேதாளை தாண்டி
உப்புக்காற்று பெயரைத் தின்றுவிட்ட பலகைக்குப் பின்னால்
இரண்டு கொட்டகைகள்.
அவித்த நீலக்கால் நண்டை உடைத்துச்
சதையைத் தனியே எடுக்கும் பெண்கள்
கொட்டகைக்கு இருபது பேர்.
கிலோவுக்குக் கூலி. சதையில் ஓடு ஒட்டியிருந்தால் பிடித்தம்.

என் பையில் நாற்பது வினாத்தாள்,
நிறுத்துக் கடிகாரம்,
மதுரையில் கையெழுத்தான அனுமதிக் கடிதம்.
"மனசு டாக்டரா?" என்றார்கள்.
இல்லை, வேலைக்கும் மனசுக்கும் நடுவில்
என்ன நடக்கிறது என்று பார்க்க வந்தவள்.
"கத்திதான் நடக்குது" என்றாள் ஒருத்தி,
தலை நிமிராமல்.

பெயர் கேட்க மாட்டேன், எண்தான்.
பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து போகலாம்.
இதைச் சொன்னதும்
நாற்பது முகமும் ஒரே நேரத்தில் திரும்பின
கதவருகே நின்ற மேஸ்திரி பக்கம்.
பாடநூலில் இதற்கு ஒரு வரிதான் இருந்தது.
மறுநாள் அவரை டீ குடிக்க அனுப்பிவிட்டு
முதலிலிருந்து தொடங்கினேன்.

"என் வேலையில் எனக்குத் திருப்தி உண்டு."
முற்றிலும் மறுக்கிறேன், ஒன்று.
முற்றிலும் ஏற்கிறேன், ஐந்து.
எண் பதினேழு கேட்டாள்:
"திருப்தின்னா போதும்ங்கிறதா?
போதும்னு சொன்னா
நாளைக்கு வர வேணாம்பாக."
மூன்றைச் சுற்றி வட்டமிட்டாள்.
நாற்பதில் முப்பத்தொரு மூன்று.
கணினி அதை நடுநிலை என்கிறது.

முதல் கொட்டகைக்கு மட்டும்
முதுகு சாயும் நாற்காலி,
ஒன்றரை மணிக்கொரு தரம் பத்து நிமிட ஓய்வு.
இரண்டாவதில் எதையும் தொடவில்லை, அதே முக்காலி.
மாறாத ஒன்றின் பக்கத்தில் வைத்தால்தான்
மாறியதன் எடை தெரியும்.
யார் எங்கே என்று சீட்டுக் குலுக்கினேன்.
அதில் ஒரு அக்காளும் தங்கையும் பிரிந்துபோனார்கள்.
அக்காள் எண் பதினேழு
(நம்புசெல்வி என்று வைத்துக்கொள்வோம், அது அவள் பெயரல்ல)
இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.
சீட்டுக்கு இரக்கம் இருந்தால் அது சீட்டு இல்லை என்று
அவளிடம் எப்படிச் சொல்வது?

ராமநாதபுரத்திலிருந்து நாற்காலி வரப் பத்து நாள் ஆயிற்று.
வந்த வாரமே
ஆளுக்கு நாளொன்றுக்கு எண்ணூறு கிராம் கூடுதல்.
பட்டம் வாங்கிவிட்டதாகவே நினைத்தேன்.
அப்புறம் இரண்டாம் கொட்டகைத் தட்டுகளை நிறுத்தேன்.
அங்கேயும் எழுநூற்றைம்பது.

"நீ மொதல்ல நிறுத்தது பௌர்ணமி.
நண்டு சூம்பிக் கெடந்துச்சு.
இது அமாவாச நண்டு, பிதுங்குது.
சதைய நாற்காலியா கொண்டாந்துச்சு?"
சிரித்தார்கள். நானும் எழுதிக்கொண்டேன்:
நிலா.
என் பட்டியலில் வயது, கல்வி, அனுபவம் எல்லாம் இருந்தன,
நிலா இல்லை.

ஆனால் நிலா இரண்டு கூரைக்கும் பொது.
அதைக் கழித்தால்
நாற்காலியின் எடை வெறும் ஐம்பது கிராம்.
தராசுத் தட்டின் ஈரமே அவ்வளவு இருக்கும்.

பன்னிரண்டாம் நாள் கடிகாரத்தை வைத்துவிட்டு
ஓய்வு மணிக்குப் பின்னாலேயே போனேன்.
பத்து நிமிடம் சாய்ந்திருக்க வேண்டியவள்
ஓட்டுக்குவியலைச் சுற்றி ஓடி
இரண்டாம் கொட்டகைக்குள் குனிந்தாள்.
தங்கையின் விரலில் கொடுக்கு கிழித்த காயம்,
துணிச்சுற்று நனைந்திருந்தது.
அவள் தட்டில் அக்காள் உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.
பக்கத்தில் இன்னும் மூன்று பேர்,
எல்லோரும் முதல் கொட்டகை எண்கள்.
என்னைப் பார்த்ததும் கைகள் நின்றன.
"ஓய்வுதான எடுக்கோம்" என்றாள் நம்புசெல்வி.

முதலாளி கணக்கைப் பார்த்தார்.
ஐம்பது கிராமுக்கா இருபது நாற்காலி?
வெள்ளிக்கிழமை வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

ஆய்வின் குறைபாடுகள், பக்கம் எழுபத்தி நான்கு:
"இரு குழுக்களுக்கும் இடையே கசிவு நிகழ்ந்தது."
அவ்வளவுதான் எழுத முடிந்தது.
வழிகாட்டி ஓரத்தில் சிவப்பு மையில் கேட்டிருக்கிறார்:
எது கசிந்தது? எவ்வளவு?
அலகைக் குறிப்பிடுக.